64,312 படங்களும் ஒரு மங்கலான வாலும்

போன டிசம்பரில் ஒரு காலை. வெளி ஹார்ட் டிஸ்கை லேப்டாப்பில் செருகியதும் உள்ளே இருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஃபோல்டர்கள் தெரிந்தன. ஆனால் அந்தச் சில விநாடிகளில் வயிறு கலங்கிவிட்டது. 2011இல் இருந்து நான் எடுத்த பறவைப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. பாதிக்கு மட்டும் இன்னொரு டிஸ்கில் நகல் உண்டு. எந்தப் பாதி என்று எனக்கே தெளிவாகத் தெரியாது.

அன்றைக்கே எண்ணிப் பார்த்தேன். 64,312 ஃபைல்கள், சுமார் 1.3 டிபி. இதில் ரா ஃபைல்கள் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய ஃபைல்கள்) மட்டும் 41,000க்கு மேல். என் கேமரா கேனான் 7டி மார்க் 2. விநாடிக்கு 10 பிரேம் எடுக்கும். ஒரு மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து மேலே வருவதற்குள் 30 படம் ஓடிவிடும். அதில் தேறுவது ஒன்றோ இரண்டோ. மீதி 28ஐயும் பத்து வருடங்களாகக் கூடவே சுமந்துகொண்டிருந்தேன்.

முதல் வேலை, எதையும் அழிக்காமல் எல்லாவற்றையும் நகல் எடுப்பது. புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கி, டெராகாப்பி என்ற நகல் மென்பொருளில் சரிபார்ப்பு வசதியைப் போட்டுவிட்டு ஓடவிட்டேன். இது ஒவ்வொரு ஃபைலையும் நகல் எடுத்த பிறகு மறுபடி படித்து, மூலத்தோடு அச்சாக ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ஆனாலும் இதைத் தவிர்க்காதீர்கள். சத்தம் போடுகிற டிஸ்கில் 37 ஃபைல்கள் படிக்கவே முடியவில்லை. அவற்றில் 31 மற்ற டிஸ்கில் இருந்தன. ஆறு போனது போனதுதான்.

அப்புறம் ஒரே ஃபைல் பல இடங்களில் கிடப்பதைக் களைந்தேன். மெமரி கார்டை ஒரு முறை இறக்கி, சந்தேகத்தில் இன்னொரு முறை இறக்கி, 'புதிது', 'புதிது 2', 'எல்லாம்' என்றெல்லாம் பெயர் வைத்த ஃபோல்டர்கள் ஏராளம். டூப்குரு என்ற இலவச மென்பொருள், ஃபைலின் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும். ஒரு பிட் மாறினாலும் வேறு ஃபைல் என்றே சொல்லும் என்பதால் இந்தக் கட்டத்தில் பயமில்லாமல் நீக்கலாம். 9,186 ஃபைல்கள் போயின. அதே மென்பொருளில், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் படங்களைத் தேடும் வசதியும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த குடும்பப் படங்களுக்கு அது உதவும். பர்ஸ்ட்டில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்த பறவைப் படங்களுக்கு உதவாது. முப்பது பிரேமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இறக்கை இரண்டு விரற்கடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதில்தான் தேர்வே இருக்கிறது.

பெயர் மாற்றும் வேலைக்கு வருவதற்கு முன், பழைய இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். கேமரா ஃபைல்களுக்கு நான்கு இலக்க எண்தான் கொடுக்கும். 9999 முடிந்ததும் மறுபடி 0001. பர்ஸ்ட்டில் எடுப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் எண் சுற்றி வந்துவிடும். 2016இல் இது தெரியாமல் இரண்டு வருடப் படங்களை ஒரே ஃபோல்டருக்குள் தள்ளினேன். 'இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?' என்று கணினி கேட்டது. நகல்தானே என்று நினைத்து எல்லாவற்றுக்கும் 'ஆம்' கொடுத்தேன். கூந்தன்குளத்தில் எடுத்த வரித்தலை வாத்துப் படங்கள் அதில் அழிந்தன. இமயமலையைத் தாண்டி வந்து திருநெல்வேலிச் சீமையில் குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை அது. ஒரு கூட்டம் முழுவதும் விடியல் வெளிச்சத்தில் குளத்தில் இறங்கியதை எடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு படம் மட்டும் மிச்சம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எந்தத் தேதியில், எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரங்களையும் உரித்துவிடும். அந்தச் சுருங்கிய படத்துக்குத்தான் இந்த முறை முதல் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

அதனால் இப்போது எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் வைத்தேன். வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, கடைசியில் கேமரா கொடுத்த பழைய எண். பழைய எண்ணை விடக்கூடாது. ஒரே விநாடியில் பத்துப் படம் இருக்கும்போது எது முன், எது பின் என்பதை அந்த எண்தான் காட்டும். தவிர, இடையில் படம் ஏதாவது விடுபட்டிருந்தால் எண் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும்.

தேதியே தப்பாக இருந்த படங்களும் உண்டு. 7டிக்கு முன்னால் ஒரு சூப்பர் ஜூம் கேமரா வைத்திருந்தேன். பேட்டரியைக் கழற்றி நாளானால் அதன் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். கவனிக்காமல் மூன்று மாதம் எடுத்திருக்கிறேன். என் களக்குறிப்பு நோட்டு இங்கே கைகொடுத்தது. '6.52, சேற்றுப் பூனைப்பருந்து, கோரைக்கு மேல் தாழப் பறந்தது' என்று 2013 ஜனவரிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அந்த ஃபோல்டரில் பூனைப்பருந்தின் முதல் பிரேம் எது என்று கண்டுபிடித்து, படத்தில் இருந்த நேரத்துக்கும் நோட்டில் இருந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்தத் தொகுதி முழுவதையும் ஒரே கட்டளையில் நகர்த்தினேன். நோட்டு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள், களத்துக்குப் போனதும் செல்போன் திரையில் தெரியும் நேரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

இவ்வளவும் முடிய இரண்டு வாரம் ஆனது. இன்னும் ஒரு படத்தைக்கூட 'வேண்டும், வேண்டாம்' என்று பார்க்கவில்லை. 55,120 ஃபைல் காத்திருந்தது.

பார்த்துக் கழிக்க டிஜிகேம் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இலவசம், நட்சத்திரமும் நிறக்குறியும் போடலாம், இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஜூம் செய்யலாம். தொடங்கும் முன் செய்த மூன்று மாற்றங்கள் வேகத்தையே மாற்றின. ஒன்று, ரா ஃபைலைத் திறக்கும்போது அதை முழுதாக விரிக்காமல், உள்ளே ஏற்கெனவே பொதிந்திருக்கும் ஜேபெக் முன்தோற்றத்தைக் காட்டும்படி வைத்தேன். என் பழைய லேப்டாப்பில் ஒரு படம் வர நாலு விநாடி எடுத்தது, உடனே வரத் தொடங்கியது. செய்திப் புகைப்படக்காரர்கள் பல வருடங்களாகப் போட்டோ மெக்கானிக் என்ற மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதற்கும் இந்த வேகம்தான் பெரிய காரணம். இரண்டு, டிஜிகேமின் தரவுத்தளத்தை லேப்டாப்பின் எஸ்எஸ்டியில் (வேகமான உள் சேமிப்பகம்) வைத்து, படங்களை மட்டும் வெளி டிஸ்கில் விட்டேன். மூன்று, போடும் குறிகள் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி ஃபைலாகவும் எழுதப்படும்படி செய்தேன். நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் இத்தனை வார உழைப்பு வீணாகாது. ராவும் ஜேபெக்கும் சேர்ந்து எடுத்த நாட்களில் இரண்டையும் பெயரை வைத்து ஒரு குழுவாகக் கட்டிவிட்டேன். இல்லாவிட்டால் ஜேபெக்கைக் கழித்த பிறகு அதன் ரா அனாதையாக எங்கோ கிடக்கும்.

முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் 240 படம்தான் பார்த்தேன். ஒவ்வொன்றையும் முழு அளவுக்கு ஜூம் செய்து கண் ஷார்ப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேகத்தில் போனால் அடுத்த வருடமும் முடியாது. மறுநாள் முறையை மாற்றினேன். ஒரு பர்ஸ்ட்டை முதலில் சின்னப் படங்களாகவே மொத்தமாகப் பார்ப்பது. இறக்கை நன்றாக விரிந்திருப்பது, தலை நம் பக்கம் திரும்பியிருப்பது என்று நாலைந்தை மட்டும் எடுப்பது. அந்த நாலைந்தை மட்டும் ஜூம் செய்து கண்ணைப் பார்ப்பது. கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தால் படத்துக்கு உயிர் இருக்கும். இரண்டு பிரேமுக்கு நடுவே தடுமாறினால் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது. ஆல்ட்டோடு 1 அழுத்தினால் நிராகரிப்பு, 3 அழுத்தினால் ஏற்பு. மவுசைத் தொடவே கூடாது. மணிக்கு 1,100 படம் வரை போக முடிந்தது.

தானாகவே ஷார்ப்பான படத்தைப் பொறுக்கித் தரும் ஒரு மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். கல்யாணப் படங்களுக்கு அது சரியாக வரலாம். என் படங்களில் அது பறவைக்கு முன்னால் நின்ற கோரைப் புல்லைப் பாராட்டி நாலு நட்சத்திரம் கொடுத்தது. விட்டுவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதிகாலையில் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால் எல்லாமே நன்றாக இருப்பது போலத் தெரியும். இல்லாவிட்டால் எல்லாமே மோசமாகத் தெரியும். கழித்த எதையும் அழிக்கவில்லை. வாரக் கடைசியில் 'நிராகரித்தவை' என்ற ஃபோல்டருக்கு நகர்த்தினேன். அவ்வளவுதான்.

நான்காவது வாரம், என்னோடு சென்னையின் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்புநிலங்கள் பக்கம் வருகிற தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கரைப்பறவைகளில் அவனுக்கு நல்ல கண். 2019 ஜனவரியில் பெரும்பாக்கத்தில் எடுத்த கொசு உள்ளான்களைக் காட்டினேன். 14 பிரேம் கொண்ட ஒரு பர்ஸ்ட்டில் நான் வைத்திருந்தவை இரண்டு. சேற்றில் நின்றுகொண்டு அலகைக் கீழே இறக்கியபடி, கண் ஷார்ப்பாக, அழகான படங்கள். 'சிறு கொசு உள்ளான்' என்று பெயரும் போட்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தான். "அக்கா, இதோட மார்பு பூரா சாம்பல் பழுப்பா இருக்கு பாருங்க. முதுகும் வெறுமையா இருக்கு. கால் என்ன நிறம்?"

கால் முழுக்கக் கறுப்பாக இருந்தது. சிறு கொசு உள்ளானுக்குக் கால் கறுப்புதான். அதை வைத்துத்தான் பெயர் போட்டேன்.

"அது சேறுக்கா. பறந்தப்போ எடுத்தது ஏதாவது இருக்கா? வால் தெரியுற மாதிரி?"

இருந்தது. நிராகரித்தவற்றில் இருந்தது. பத்தாவது பிரேமில் பறவை கிளம்புகிறது. பதினொன்றில் பாதி உடல் சட்டத்துக்கு வெளியே. பன்னிரண்டாவது பிரேமைத் திறந்தோம். தலை இல்லை. இறக்கை வெறும் சாம்பல் தீற்றல். ஃபோகஸ் பின்னால் இருந்த தண்ணீரில் விழுந்திருக்கிறது. ஆனால் வால் விசிறி போல விரிந்திருக்கிறது. அதன் இரண்டு ஓர இறகுகளும் பளிச்சென்று வெள்ளை. சிறு கொசு உள்ளானுக்கு அந்த ஓரம் சாம்பலாக இருக்கும். இது டெமிங்க் உள்ளான். அடுத்த பிரேமில், சேறு படாத தொடைப் பக்கத்தில் காலின் மஞ்சள் கலந்த பச்சைகூட லேசாகத் தெரிந்தது.

அழகான இரண்டு படமும் சேர்ந்து சொல்லாததை அந்த மங்கலான படம் சொன்னது. நல்லவேளை, அழிக்கவில்லை. ஆனால் அதுவரை மூன்று வாரம், 20,000 படங்களுக்கு மேல் ஒரே கேள்வியைக் கேட்டுத்தான் கழித்திருந்தேன்: படம் நன்றாக இருக்கிறதா? பறவைப் படத்துக்கு அந்தக் கேள்வி போதாது. எதற்காக இந்தப் படம் என்பதை முதலில் கேட்க வேண்டும். சுவரில் மாட்டவா, இன்னது என்று நிறுவவா, இந்த இடம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று காட்டவா? ஒவ்வொன்றுக்கும் கழிக்கும் அளவுகோல் வேறு.

மூன்று வாரத்து நிராகரிப்பையும் திரும்பப் பார்த்தேன். இந்த முறை நிறக்குறி போட்டேன். அழகுக்குப் பச்சை, சாட்சிக்கு நீலம், இடத்துக்கு மஞ்சள். பச்சைக்கு ஒரு பர்ஸ்ட்டில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதில் நான் இரக்கம் காட்டவில்லை. நீலத்தில் ஃபோகஸைப் பார்க்கவே இல்லை. உள்ளான் என்றால் வாலும் காலும். நெட்டைக்காலி (புல்தரையில் திரியும் சின்னப் பறவை) என்றால் பின்விரல் நகம் எவ்வளவு நீளம், எவ்வளவு வளைவு. கழுகு, பருந்து வகை என்றால் இறக்கையின் அடிப்பக்கமும், நுனியில் விரல் போலப் பிரியும் இறகுகளின் எண்ணிக்கையும். காலில் வளையம் தெரிந்தால் எவ்வளவு மங்கலானாலும் வைத்துக்கொள்வது. கோடியக்கரையில் பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல வருடங்களாக வளையம் மாட்டுகிறார்கள். ஒரு வளையத்தின் நிறமும் எழுத்தும் தெரிந்தால், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பது வரை போகலாம்.

பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இபேர்ட் இணையதளத்தில் பட்டியல் ஏற்றும்போதும் இதுதான் நடக்கிறது. அங்கே ஏற்றும் படங்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மக்காலே நூலகத்தில் சேருகின்றன. தரத்துக்கு நட்சத்திரம் தனியாகப் போடலாம். ஒரு நட்சத்திரப் படமாக இருந்தாலும், அரிதான பறவை என்றால் பதிவைச் சரிபார்ப்பவருக்கு அது பெரிய துணை. ஐந்து நட்சத்திரப் படத்தில் கால் சேற்றில் புதைந்திருந்தால் அவர் மறுபடி நம்மிடம்தான் கேட்பார்.

மஞ்சள் குறி எதிர்பாராமல் வளர்ந்தது. 2012இல் பள்ளிக்கரணையில் எடுத்த ஒரு தாழைக்கோழிப் படம். பறவை சின்னப் புள்ளியாக, மகா மோசம். முதல் சுற்றில் ஒரு நொடியில் கழித்திருந்தேன். இரண்டாம் சுற்றில் பின்னணியைப் பார்த்தேன். இப்போது கட்டடம் நிற்கிற இடத்தில் திறந்த நீர்ப்பரப்பு. தூரத்தில் பெருங்குடி குப்பைமேட்டின் விளிம்பு. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தது 2022இல்தான். அதற்குப் பத்து வருடம் முன்பு அந்தக் கரையில் நின்று பார்த்தால் என்ன தெரிந்தது என்பதற்கு என்னிடம் இருக்கும் சான்று, பறவையைச் சரியாக எடுக்கத் தெரியாத காலத்தில் எடுத்த இந்தப் படங்கள்தான். பறவை அவ்வளவு தூரத்தில் இருந்ததால்தான் இவ்வளவு இடம் படத்துக்குள் வந்திருக்கிறது. அப்படி 340 படம் சேர்ந்தது. இப்போதெல்லாம் களத்துக்குப் போனால், கிளம்பும் முன் செல்போனில் நாலு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வாரத்தில் முடிந்தது. 16,905 ஃபைல்கள், 390 ஜிபி. இரண்டு டிஸ்கிலும் ஒவ்வொரு நகல். மூன்றாவது நகல் திருச்சியில் அக்கா வீட்டு அலமாரியில். சென்னையில் வெள்ளம் எந்த வருடம் எந்தத் தெருவுக்குள் வரும் என்று சொல்ல முடியாது. தரைத்தளத்தில் இருக்கிறவள் நான். நிராகரித்தவை என்ற ஃபோல்டரை மூன்று மாதம் தொடாமல் வைத்திருந்து, சித்திரை பிறந்த பிறகுதான் அழித்தேன். அந்த மூன்று மாதத்தில் பதினொரு முறை அதற்குள் போய் எதையோ தேடி எடுத்திருக்கிறேன்.

இப்போது களத்தில் இருந்து வந்த அன்றே கார்டை இறக்கி, பெயர் மாற்றி, இனங்களின் பெயரை மட்டும் குறித்துவிடுகிறேன். ஞாபகம் சூடாக இருக்கும்போது செய்ய வேண்டியது அது. கழிப்பது இரண்டு மூன்று நாள் கழித்து. அன்றைக்கே உட்கார்ந்தால், வெயிலில் காத்திருந்த பாடெல்லாம் படத்துக்கு மதிப்பெண்ணாகச் சேர்ந்துவிடுகிறது. கேமராவின் திரையில் பார்த்து அங்கேயே அழிக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டேன்.

'சந்தேகம்' என்று ஒரு ஃபோல்டர் மிச்சம் இருக்கிறது, 212 படங்கள். தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறக்கிறோம். போன வாரம் பார்த்தது 2018 பிப்ரவரியில் எடுத்த ஒரு நெட்டைக்காலி. புல்தரையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. பின்விரல் நகம் புல்லுக்குள் மறைந்திருக்கிறது. "அடுத்த பிரேம் போடுங்கக்கா, நடந்திருக்கும்" என்றான். போட்டேன். வேறு பறவை வந்தது. ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். 6218க்குப் பிறகு 6223.